லிங்கன் திருப்பித் தந்த பத்து டாலர்

நான் படித்த பள்ளியில், தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே ஒரு கடிதம் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது. தம் மகனுக்கு எதையெல்லாம் கற்பிக்க வேண்டும் என்று ஆபிரகாம் லிங்கன் ஆசிரியருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் அது. தமிழ்நாட்டில் அதைப் படிக்காதவர்கள் குறைவு. பள்ளி ஆண்டு மலர்களில் இன்றும் அது இடம்பெறுகிறது. பல ஆண்டுகள் கழித்து, லிங்கனின் எழுத்துகளைத் திரட்டிய தொகுப்பில் அதைத் தேடினேன். அப்படி ஒரு கடிதம் அங்கே இல்லை.

தேடப் போன இடத்தில் வேறொரு கடிதம் கண்ணில் பட்டது. 1856 பிப்ரவரி 21 அன்று வழக்கறிஞர் லிங்கன் எழுதிய சில வரிகள். ஒரு விடுதியின் குத்தகைப் பத்திரங்களை எழுதித் தந்ததற்காகக் கட்சிக்காரர் ஒருவர் அவருக்கு 25 டாலர் அனுப்பியிருந்தார். அந்த வேலைக்கு 15 டாலரே போதும் என்று கூறி, அதற்கு ரசீதும் எழுதி, மீதி 10 டாலரை அதே உறையில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார் லிங்கன்.

என் தொழிலுக்கு இந்தக் கடிதம் மிக நெருக்கமானது. அமெரிக்க மருத்துவமனைகள் அந்நாட்டு அரசுக்கு அனுப்பும் கட்டணக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் தணிக்கையாளன் நான். 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளில் ஒரு பகுதியினருக்கும் அமெரிக்க அரசு நடத்தும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மெடிகேர். 6 கோடிக்கும் மேற்பட்டோர் அதில் இருக்கின்றனர். அவர்களின் நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் வேலையைச் சென்னை, கோவை, திருச்சி போன்ற நகரங்களில் ஏராளமான பட்டதாரிகள் செய்கின்றனர். அந்தக் கோரிக்கைகளில் பொய் புகுந்தால் தண்டிக்கும் முதன்மையான சட்டம், 1863-இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அந்த மனிதரின் வாழ்க்கையை இந்தக் கோணத்திலிருந்து பார்ப்பது பயன்தரும்.

1809 பிப்ரவரி 12 அன்று கென்டக்கியில் ஒரு மரக்குடிசையில் பிறந்தவர் லிங்கன். ஏழு வயதில் குடும்பம் இண்டியானா காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. ஒன்பது வயதில் தாயை இழந்தார். அவர் பள்ளிக்குச் சென்ற நாள்களையெல்லாம் கூட்டினாலும் ஓர் ஆண்டு தேறாது. அந்த இளைஞர் இரவல் வாங்கிப் படித்த நூல்களில் ஒன்று, இண்டியானா மாநிலச் சட்டங்களின் தொகுப்பு. அமெரிக்க அரசியலமைப்பும், வடமேற்குப் பகுதிகளில் அடிமை முறையைத் தடைசெய்த 1787-ஆம் ஆண்டின் ஆணையும் அதில் அச்சாகியிருந்தன. சட்டத்தைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்பதற்கு முன்பே சட்டத்தின் சொற்களை நேரடியாகப் படித்துவிட்டார். அந்தப் பழக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

1831-இல் இல்லினாய் மாநிலத்தின் நியூ சேலம் என்ற சிற்றூருக்கு வந்தார். கூட்டாளி ஒருவருடன் மளிகைக் கடை வைத்தார், கடை நொடித்தது. கூட்டாளி இறந்தபோது அவர் பங்குக் கடனும் லிங்கன் தலையில் விழுந்தது. மொத்தம் ஏறத்தாழ 1,100 டாலர். அதை நாட்டின் கடன் என்று கேலியாகச் சொல்லிக்கொள்வாராம். நில அளவைக்காக அவர் வைத்திருந்த கருவிகள்கூடக் கடனுக்காக ஏலம் போயின. நண்பர் ஒருவர் ஏலத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். ஊரைவிட்டுப் போய்விட்டால் கேட்பாரில்லாத காலம் அது. லிங்கன் போகவில்லை. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகக் கடனை அடைத்தார்.

1833 முதல் 1836 வரை அவ்வூரின் அஞ்சலதிகாரியாகவும் இருந்தார். கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு நடந்தே சென்று கொடுத்துவருவார். அஞ்சலகம் மூடப்பட்டுச் சில காலம் கழித்து, மீதித் தொகையை வாங்க அரசின் ஆள் வந்தபோது, வறுமையில் இருந்த லிங்கன் ஒரு பழைய காலுறையை எடுத்துவந்து அவிழ்த்தார் என்றும், மக்கள் கொடுத்த அதே நாணயங்கள் கணக்கு பிசகாமல் அதில் இருந்தன என்றும் வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறும்.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்டுவது என் நோக்கமன்று. அஞ்சலதிகாரிக்குத் தம் கடிதங்களைக் கட்டணமின்றி அனுப்பும் உரிமை இருந்தது. ஒருமுறை அந்த உரிமையைப் பயன்படுத்தி நண்பர் ஒருவரின் கடிதத்தையும் இலவசமாக அனுப்பிவைத்தார். அப்படிச் செய்தால் 10 டாலர் அபராதம் என்று விதி இருந்தது. அந்த நண்பர் எழுதிய கடிதமே இதற்குச் சாட்சியாக எஞ்சியிருக்கிறது. நல்லவர்களும் நட்புக்காகவும் வசதிக்காகவும் விதியைச் சற்று வளைப்பார்கள். கட்டணத் தணிக்கையில் நான் அன்றாடம் காண்பதும் பெரும்பாலும் இத்தகைய வளைப்புகளையே. கொள்ளையடிக்கத் திட்டமிட்டவர்கள் மிகச் சிலரே.

1836-இல் வழக்கறிஞர் உரிமம் பெற்று, மறு ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் சென்றார். குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று வாதாடினார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஈடுபட்ட வழக்குகள் 5,000-க்கும் மேல் என்று ஆய்வாளர்கள் தொகுத்திருக்கின்றனர். ஆனால் அவருடைய அலுவலகம் ஒழுங்குக்குப் பேர்போனதன்று. முக்கியக் காகிதங்கள் தொப்பிக்குள் கிடக்கும். வேறெங்கும் கிடைக்காதவற்றை இதில் தேடவும் என்ற பொருள்பட எழுதிக் கட்டிவைத்த காகிதக் கட்டு ஒன்றும் அங்கே இருந்ததாக அவருடைய கூட்டாளி ஹெர்ன்டன் பதிவுசெய்திருக்கிறார். எந்த விதி எங்கே இருக்கிறது என்று தேடியலையும் எங்களைப் போன்றோருக்கு இது சற்று ஆறுதல்.

கட்டண விஷயத்தில் அவர் தாராளமானவர் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே நிறுவனத்துக்காக ஒரு பெரிய வரி வழக்கில் வாதாடி வென்றார். அதற்கு அவர் கேட்ட 5,000 டாலரைத் தர நிறுவனம் மறுத்தபோது, 1857-இல் அதன் மீதே வழக்குத் தொடர்ந்து பெற்றுக்கொண்டார். சிறு பத்திரத்துக்கு 25 டாலர் அதிகம். பெரிய வழக்குக்கு 5,000 டாலர் தகும். செய்த வேலைக்கு உரியது எவ்வளவோ அவ்வளவு என்பதே அவருடைய கணக்கு. மெடிக்கல் கோடிங்கில் முதல் நாள் சொல்லித்தரும் பாடமும் இதுதான். செய்ததைவிட உயர்வாகக் குறிப்பதும் பிழை. குறைத்துக் குறிப்பதும் பிழை.

அவர் ஆவணம் தேடிய உழைப்புக்கு உச்சமான சான்று 1860 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கின் கூப்பர் யூனியன் அரங்கில் ஆற்றிய உரை. புதிய நிலப்பகுதிகளில் அடிமை முறையைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா என்பது அன்றைய பெரும் வழக்கு. நாட்டை உருவாக்கியவர்கள் என்ன நினைத்தார்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தனர். லிங்கன் கதைகளை நம்பவில்லை. அரசியலமைப்பில் கையெழுத்திட்ட 39 பேரும் இந்தப் பொருளில் எப்போது, எப்படி வாக்களித்தனர் என்று பழைய அவைக் குறிப்புகளை மாதக்கணக்கில் புரட்டினார். 23 பேரின் நிலைப்பாடு ஆவணங்களில் கிடைத்தது. அவர்களில் 21 பேர் மத்திய அரசின் அதிகாரத்தை ஏற்றிருந்தனர். இளம் வயதில் இரவல் நூலில் படித்த 1787 ஆணையும் அந்த வாதத்துக்குள் வந்து நின்றது. பின்னர் அவ்வுரையை அடிக்குறிப்புகளுடன் பதிப்பித்த இருவர், ஒவ்வொரு விவரத்தையும் சரிபார்க்க முயன்றவர்களுக்கே அதிலுள்ள உழைப்பு புரியும் என்று வியந்து எழுதினர்.

அவ்வாண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்றார். 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரே ஆண்டில் பல லட்சம் வீரர்களுக்கு உடையும் உணவும் துப்பாக்கியும் தேவைப்பட்டன, கருவூலம் திறந்தது, கூடவே திருட்டும் பெருகியது. கழிவுக் கம்பளி நூலைத் திரட்டி நெய்த சீருடைகள் முதல் மழையிலேயே நைந்துபோயின. அரசு பழையது என்று ஒன்று 3.50 டாலருக்குக் கழித்துவிட்ட சுமார் 5,000 துப்பாக்கிகளை, இடைத்தரகர்கள் கைமாற்றி ஒன்று 22 டாலருக்கு அதே அரசின் படைக்கு விற்றனர். பிரதிநிதிகள் அவை விசாரணைக் குழு அமைத்தது. போர்த்துறைச் செயலர் சைமன் கேமரன் 1862 ஜனவரியில் பதவி விலக நேர்ந்தது. எட்வின் ஸ்டான்டன் அந்த இடத்துக்கு வந்தார்.

அவை கேமரனைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியபோது லிங்கன் செய்ததை இங்கே நினைவுகூர வேண்டும். போரின் தொடக்க வாரங்களில் அவசரம் கருதி அரசுப் பணத்தைத் தனியார் கையில் ஒப்படைத்தது தாமும் அமைச்சரவையும் சேர்ந்து எடுத்த முடிவு என்றும், தவறு நேர்ந்திருந்தால் அதில் தமக்கும் சமபங்கு உண்டு என்றும் 1862 மே மாதம் காங்கிரஸுக்கு எழுதினார். பதவி இழந்தவர் மீது பழியைப் போட்டுவிட்டு ஒதுங்குவது எளிது. அவர் ஒதுங்கவில்லை.

1863 மார்ச் 2 அன்று பொய்க் கோரிக்கைகள் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். சட்டத்தை எழுதியது காங்கிரஸ். செனட்டில் அதற்காக வாதாடியவர் மிச்சிகனின் ஜேக்கப் ஹோவர்ட். ஆனாலும் இன்றுவரை அது லிங்கன் சட்டம் என்றே அழைக்கப்படுகிறது. அரசிடம் பொய்யான கோரிக்கை வைத்தவர், ஏற்பட்ட இழப்பைப் போல இருமடங்கும் அதற்கு மேல் 2,000 டாலரும் செலுத்த வேண்டும். அரசு வழக்குத் தொடரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உண்மை அறிந்த எந்தத் தனிமனிதரும் அரசின் சார்பில் வழக்குத் தொடரலாம். வென்றால் மீட்கப்பட்ட தொகையில் பாதி அவருக்கு. எண்ணற்ற ஒப்பந்தங்களை வாஷிங்டனிலிருந்து கண்காணிக்க முடியாது, உள்ளே இருப்பவனின் கண்தான் காவல் என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள்.

அந்நாள்களில் லிங்கன் வெள்ளை மாளிகைக்கு அடுத்திருந்த போர்த்துறைத் தந்தி அலுவலகத்துக்கு நாள் தவறாமல் நடந்து செல்வார். வந்த தந்திகளின் படிகள் ஒரு மேசை அறையில் புதியது மேலே இருக்கும்படி அடுக்கப்பட்டிருக்கும். மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போவார். முந்தைய முறை படித்த தந்தி கைக்கு வந்ததும் நிறுத்திக்கொள்வார். அங்கே பணியாற்றிய இளைஞர் ஒருவர் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பில் உள்ள செய்தி இது. போர்க்களச் செய்தியைப் பிறர் சுருக்கிச் சொல்லக் கேட்டு அவர் முடிவெடுக்கவில்லை. இடையில் ஒன்றையும் விட்டுவிடவும் இல்லை.

1865 ஏப்ரல் 14 இரவு சுடப்பட்டார். மறுநாள் காலை இறந்தார். அவருக்கு வயது 56.

அவர் விட்டுச்சென்ற சட்டத்துக்கும் ஏற்ற இறக்கங்கள் வந்தன. 1943-இல் காங்கிரஸ் அதைத் தளர்த்தியது. தனிமனிதர் தொடரும் வழக்குகள் அருகின. இதற்கிடையே 1965 ஜூலை 30 அன்று லிண்டன் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். போர்க்காலத்து ஒப்பந்தக்காரர்களின் இடத்துக்கு மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் வந்தன. 1986-இல் சட்டம் மீண்டும் வலுப்பெற்றது. இழப்பீடு மும்மடங்கானது, தகவல் தந்த ஊழியரைப் பழிவாங்கத் தடை வந்தது. ஒவ்வொரு பொய்க் கோரிக்கைக்குமான தண்டத் தொகை 2024 நிலவரப்படி 13,946 டாலர் முதல் 27,894 டாலர் வரை. 2024 செப்டம்பருடன் முடிந்த நிதியாண்டில் மட்டும் தனிமனிதர்கள் தொடர்ந்த வழக்குகள் 979. இச்சட்டத்தால் அமெரிக்க அரசு மீட்ட தொகை 290 கோடி டாலருக்கு மேல்.

1986 திருத்தம் தெரிந்தே என்ற சொல்லுக்குத் தந்த விளக்கமே எங்களுக்கு மிக முக்கியமானது. பொய் என்று அறிந்திருப்பது மட்டுமன்று. அறியாதிருக்க வேண்டும் என்றே கண்ணை மூடிக்கொள்வதும், உண்மையா என்று பாராமல் பொறுப்பின்றி நடப்பதும் தெரிந்து செய்ததாகவே கொள்ளப்படும். கைதவறிச் செய்த எளிய பிழை இதில் சேராது. ஆனால் விதி மாறியது தெரியாது என்று சொல்பவர், தெரிந்துகொள்ள என்ன செய்தார் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

விதிகளோ ஓயாமல் மாறுகின்றன. நோய்க் குறியீடுகள் அக்டோபர் 1 அன்று புதுப்பிக்கப்படும். மருத்துவர் கட்டண விதி ஜனவரி 1 முதல் மாறும். அண்மை ஆண்டுகளில் அந்த ஒரே ஆவணம் 2,000 பக்கங்களைத் தாண்டுகிறது. எந்த இரண்டு குறியீடுகளைச் சேர்த்துக் கேட்கக் கூடாது என்ற பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். இவற்றுக்குள் ஒரு படிநிலையும் உண்டு. முதலில் காங்கிரஸ் இயற்றிய சட்டம். அடுத்து முறைப்படி அறிவித்துக் கருத்துக் கேட்டு வெளியிட்ட ஒழுங்குவிதி. பின்னர் எந்தச் சிகிச்சைக்குப் பணம் உண்டு என்ற தேசிய முடிவுகள். அதற்குக் கீழே மெடிகேர் நிர்வாகத்தின் கையேடுகள். வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும் ஒப்பந்த நிறுவனங்களின் முடிவுகள். கடைசியில் வாராந்தரச் செய்தி மடல்கள். செய்தி மடலை மட்டும் படித்தவர் மாற்றம் வந்ததை அறிவார். மாற்றம் என்ன என்பதை மூல விதியில்தான் அறிய முடியும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்க மருத்துவமனைகளில் மருத்துவரும், சிகிச்சையளிக்க உரிமம் பெற்ற உயர்நிலைச் செவிலியரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்ப்பது உண்டு. மருத்துவர் பெயரில் கோரினால் முழுக் கட்டணம்; செவிலியர் பெயரில் கோரினால் 85 விழுக்காடு. யார் பெயரில் கோருவது என்பது, பார்வையின் கணிசமான பகுதியைச் செய்தவர் யார் என்பதைப் பொறுத்தது. 2022 விதிப்படி, நோய் வரலாற்றையோ உடல் பரிசோதனையையோ மருத்துவர் முழுமையாகச் செய்திருந்தாலே போதும். 2024 ஜனவரியிலிருந்து அது போதாது; மொத்த நேரத்தில் பாதிக்கு மேலாவது, மருத்துவ முடிவெடுத்தலில் கணிசமான பகுதியாவது அவருடையதாக இருக்க வேண்டும். நான் பணியாற்றிய இடத்தில் எல்லாரும் நம்பிய ஒரு சுருக்கப் பட்டியல் இருந்தது. ஆண்டின் நடுவே ஒரு தணிக்கையில்தான் அதில் பழைய விளக்கமே இருப்பதைக் கண்டோம். அதைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். பள்ளிச் சுவரில் தொங்கிய கடிதத்தைப் போலவே அதையும் யாரும் மூலத்தோடு ஒப்பிட்டதில்லை.

அடுத்து என்ன செய்வது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. 2010-இல் வந்த சட்டப்படி, அதிகமாகப் பெற்ற மெடிகேர் பணத்தைக் கண்டறிந்த 60 நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். தெரிந்தும் வைத்துக்கொண்டால் அதுவும் லிங்கன் சட்டத்தின் கீழ் குற்றச்சாட்டாகலாம். 6 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 2025 முதல், நேர்மையாக விசாரணை நடத்துவோருக்கு அதை முடிக்க 180 நாள்கள் வரை அவகாசமும் உண்டு. ஆனாலும் கூட்டத்தில் சற்று நேரம் மௌனம் நிலவியது. ஒவ்வொரு கோரிக்கையிலும் வித்தியாசம் சில டாலர்கள்தானே என்ற எண்ணம் என் மனத்திலும் எழுந்தது. பட்டியல் தயாரித்தோம்; மருத்துவமனைக்குத் தெரிவித்தோம்; பணம் திருப்பிச் செலுத்தப்பட்டது. என் வேலை போகவில்லை. போயிருந்தாலும் செய்ய வேண்டியது அதுவே என்று இன்று சொல்ல முடிகிறது. அன்று அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருப்பேனா என்பது ஐயம்.

கடல் கடந்து உட்கார்ந்து வேலை செய்யும் நமக்கு இதில் என்ன பொறுப்பு என்று கேட்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். பிறருக்காகக் கட்டணக் கோரிக்கை தயாரிக்கும் நிறுவனங்களுக்கென்றே அமெரிக்க நலத்துறையின் தலைமைத் தணிக்கை அலுவலகம் 1998-இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பொய்க் கோரிக்கை எழக் காரணமாக இருப்பவரும் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறார். அந்த வரம்பு நம் மேசையைத் தொடுமா என்று ஆராய்வதைவிட, தொடும் என்று எண்ணி வேலை செய்வதே தொழிலுக்கு மரியாதை.

நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை கோப்புகள் என்று இலக்கு வைப்பவர்கள், விதிகளைப் படிப்பதற்கென்று வேலை நேரத்திலேயே வாரத்துக்குச் சில மணி ஒதுக்க வேண்டும். சுருக்கப் பட்டியல் இல்லாமல் வேலை நடக்காது என்பது உண்மை. ஆனால் அதன் ஒவ்வொரு வரிக்கு நேராகவும் மூல விதி எது, அது நடைமுறைக்கு வந்த தேதி எது, கடைசியாகச் சரிபார்த்தவர் யார் என்ற மூன்றும் இருக்க வேண்டும். பிழையைச் சுட்டிக்காட்டும் கோடரைக் குழப்பக்காரராகப் பார்க்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இது அவசரமாகவும் சொல்ல வேண்டியது. நோய்க் குறியீடுகளை மிகைப்படுத்தி மெடிகேரிடம் பணம் பெற்றதாகத் தொடரப்பட்ட ஒரு வழக்கில், தனிமனிதர் அரசின் சார்பில் வழக்குத் தொடர வழிசெய்யும் பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது என்று ஃபுளோரிடாவின் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தார். அது மேல்முறையீட்டுக்குச் சென்றது. அந்தப் பிரிவு ஒருவேளை வீழ்ந்தால், உள்ளே இருப்பவனின் கண்ணுக்கு 1863-இல் சட்டம் தந்த துணை போய்விடும். அப்போது எஞ்சுவது அந்தக் கண் மட்டுமே.

படித்த கடைசித் தந்தி கைக்கு வரும்வரை லிங்கன் நிறுத்தியதில்லை. கூடுதலாக வந்த 10 டாலரைத் திருப்பித் தரும்படி அவரிடம் யாரும் கேட்டதுமில்லை. அவர் எழுதாத கடிதத்தைச் சட்டமிட்டு மாட்டிய சுவர்களில், அவர் எழுதிய அந்தச் சிறு கடிதத்தையும் மாட்டலாம்.